ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊளையிட்ட இன்வர்ட்டர்

"ஏனுங் தம்பி, வாரம் பூரா பேசாம கெடக்குதுங்க. நாயித்துக்கெழம தறி நின்னாப் போதும், பொட்டி ஊளையிட ஆரம்பிச்சுருது. கொஞ்சம் வந்து என்னன்னு பாருங்க."

சோமனூரிலிருந்து சாமளாபுரம் போகிற வழியில் ஒரு தறிக்குடோன். உரிமையாளர் எனக்கு ஆறேழு வருஷப் பழக்கம். அவருடைய ஆட்டோ தறி ட்ரைவ்கள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள்) பழுதானால் கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்குத்தான் வரும். பேனல் கரண்ட்டை லைன் கரண்ட்டாக மாற்றும் சோலார் இன்வர்ட்டரில் நான் அதிகம் கை வைப்பதில்லை. வாரண்ட்டி இருக்கும்வரை யாரும் திறக்க விடமாட்டார்கள், வாரண்ட்டி முடிந்தபின் திறந்து பிரயோஜனம் இருக்காது. இவர் கூப்பிட்ட காரணம் வேறு. இன்வர்ட்டர் கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் போர்டு மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஊளை மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரையில் 60 கிலோவாட் பேனல். 20 கிலோவாட் இன்வர்ட்டர் மூன்று, வரிசையாகச் சுவரில். கீழே பழைய தறி 24, ஆட்டோ தறி 12. பவர் ஃபேக்டருக்காக, அதாவது மோட்டார்கள் இழுக்கும் வெட்டி கரண்ட்டை ஈடுகட்ட, ஒரு ஆட்டோமேட்டிக் கெப்பாசிட்டர் பேனல், அதில் 5, 10, 10, 20 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு) என்று நான்கு ஸ்டெப். ஓடைக்கரையில் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். அங்கிருந்து குடோனுக்குக் கம்பியில் சுமார் 200 மீட்டர்.

முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனேன். தறி எல்லாம் ஓய்வில். மூன்று இன்வர்ட்டரும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. பத்தரை தாண்டி வெயில் ஏறியதும் மூன்றாவது பெட்டியிலிருந்து மெல்லிய 'ஙீ' சத்தம். கொஞ்சநேரத்தில் மூன்றும் சேர்ந்துகொண்டன. கோயில் வாசலில் நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்ப்பது போல ஒரே சுருதி. பத்துப் பதினைந்து விநாடி கழித்து 'டக்' என்று ரிலே விழுந்தது. ஒரு பெட்டி ஆஃப். சத்தமும் நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் பெட்டி தானாக லைனில் ஏறியது, மறுபடி அதே ஊளை, அதே 'டக்'. டிஸ்பிளேயில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று வந்தது.

இந்த எரர் வந்தால் நம்மூரில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே: தறி ஓடாததால் சோலார் கரண்ட் முழுக்க லைனுக்குப் போகிறது, கம்பியில் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் நம் பக்கம் வோல்டேஜ் ஏறுகிறது, இன்வர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விழுகிறது. நியாயமான காரணம்தான். பல இடங்களில் உண்மையும் அதுதான். நானும் அதைத்தான் நம்பினேன். மெயின் போர்டில் லக் எல்லாவற்றையும் இறுக்கினேன். ஒய் பேஸில் ஒரு லக் கருகியே போயிருந்தது, அதை மாற்றினேன். நியூட்ரலைப் பிரித்துச் சுரண்டிக் கட்டினேன். மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. ஊளை அப்படியே இருந்தது.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஊளை கேட்கும்போதே மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தேன். 429. இந்த இன்வர்ட்டரில் வைத்திருந்த மேல் வரம்பு 415-க்கு 110 சதவீதம், அதாவது 456 வோல்ட். 429-ல் விழ வேண்டிய அவசியமே இல்லை. மீட்டர் ஒன்று சொல்கிறது, இன்வர்ட்டர் வேறொன்று சொல்கிறது. இரண்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பேச்சு.

கிளம்புகிற நேரத்தில் தற்செயலாக ஒன்று நடந்தது. கெப்பாசிட்டர் பேனலில் விசிறி ஓடுகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். முதல் ஸ்டெப், 5 கேவிஏஆர் மட்டும் ஆனில் இருந்தது. சும்மா இருக்காமல் மேனுவலில் போட்டு அதை ஆஃப் செய்து, 10 கேவிஏஆரை ஆன் செய்தேன். ஊளையின் சுருதி இறங்கியது. சத்தமும் பாதியானது, இன்வர்ட்டர் விழவும் இல்லை. மறுபடி 5-க்கு மாற்றினேன். சுருதி ஏறியது, பத்து விநாடியில் 'டக்'. நாலு முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். "என்னங் தம்பி, ஆர்மோனியம் வாசிக்கறீங்களா?" என்றார் உரிமையாளர். உண்மையில் அப்படித்தான் இருந்தது. பழுதான போர்டு கெப்பாசிட்டரைப் பார்த்துச் சுருதி மாற்றாது. எங்கோ ஒரு இண்டக்டன்ஸும் (கம்பிக்கும் சுருளுக்கும் உள்ள, கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) இந்தக் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடுகின்றன, அந்த ஊஞ்சலை யாரோ தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு, அலையைப் படமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பும், எர்த்தோடு சேராமல் இரண்டு முனைக்கு நடுவே அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோபும் எடுத்துக்கொண்டு போனேன். இதை வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: சாதாரண ப்ரோபின் எர்த் கிளிப்பை 415 வோல்ட் லைனில் மாட்டினால் ஸ்கோப்பும் போகும், நீங்களும் போவீர்கள். டிஃபரன்ஷியல் ப்ரோப் இல்லையென்றால் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

ஸ்கோப்பில் பார்த்ததும் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் அலையின் முதுகில் குட்டிக் குட்டியாக இன்னொரு அலை ஏறி உட்கார்ந்திருந்தது, உயரம் 40 வோல்ட்டுக்கு மேல். லைனுக்கு லைன் 429 என்றால் பேஸ் வோல்டேஜ் 248, அதன் உச்சி 350. அதன்மேல் இந்த 40 ஏறினால் 390, அது 456 வரம்பின் உச்சியையும் தாண்டிவிடும். மீட்டர் சராசரி போட்டு 429 என்கிறது, இந்த மாதிரி சிற்றலை அதில் பெரிதாகத் தெரியாது. இன்வர்ட்டர் உச்சியைக் கண்டு பயந்து விழுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அடுத்தது, இது லோடு கிளப்பும் ஹார்மோனிக்கா, தானாகக் கிளம்பி ஆடும் ஆஸிலேஷனா என்று பிரித்தறிவது. ஸ்கோப்பின் ட்ரிக்கரை லைனுக்கு வைத்தால் 50 ஹெர்ட்ஸ் அலை அசையாமல் நிற்கும். ஆட்டோ தறி ட்ரைவ் போன்றவை கிளப்பும் ஹார்மோனிக் 250, 350, 550 என்று 50-இன் முழு மடங்கில் வருவதால் அதுவும் கூடவே ஆணி அடித்தது போல நிற்கும். இங்கே பெரிய அலை நின்றது, அதன் முதுகில் இருந்த குட்டி அலைகள் எறும்புச் சாரை மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தன. ஒரு சுற்றுக்கு 14-ம் இல்லை, 15-ம் இல்லை. எஃப்எஃப்டி (அலையை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி) போட்டுப் பார்த்தேன். 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒற்றைப் பனைமரம் போல ஒரு முள். 50-க்கு முழு மடங்கில் இல்லாத இப்படி ஒற்றை அலையைச் சாதாரண லோடு தொடர்ந்து கொடுப்பது அபூர்வம், இங்கே தறியும் நின்றுகிடக்கிறது. இது கண்ட்ரோல் லூப், அதாவது இன்வர்ட்டர் தன்னைத்தானே அளந்து திருத்திக்கொள்ளும் ஏற்பாடு, கிளப்பிவிட்ட ஆட்டம்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பிடன்ஸ் (ஏசி கரண்ட்டுக்கு உள்ள மொத்தத் தடை) 4.5 சதவீதம் என்று வைத்தால் 0.27 மில்லிஹென்றி. 200 மீட்டர் கம்பி, கிலோமீட்டருக்கு 0.3 ஓம் ரியாக்டன்ஸ் என்று எடுத்தால் 0.19. உயரழுத்த லைனுக்கும் உள்ளே ஓடும் கேபிளுக்கும் கொஞ்சம் சேர்த்து ஆக மொத்தம் 0.5 என்று வைத்துக்கொண்டேன். கெப்பாசிட்டர் 5 கேவிஏஆர், 440 வோல்ட் ரேட்டிங். ஸ்டார் கணக்கில் பேஸுக்கு 82 மைக்ரோஃபாரட். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்கி, 1-ஐ அதால் வகுத்தால் 785 ஹெர்ட்ஸ். மூன்று இன்வர்ட்டருக்குள்ளும் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரைத் தலைக்குப் பத்து மைக்ரோஃபாரட் என்று சேர்த்தால் 670-க்கு இறங்குகிறது. ஸ்கோப் காட்டியது நடுவில், 720. காகிதக் கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்குப் போதும்.

சரி, ஊஞ்சல் எது என்று தெரிந்துவிட்டது. தள்ளுவது யார்?

கிரிட்டோடு ஓடும் இன்வர்ட்டர் உண்மையில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் மெஷின். விநாடிக்குப் பல்லாயிரம் முறை லைன் வோல்டேஜையும் தன் கரண்ட்டையும் அளந்து, கணக்குப் போட்டு, அடுத்த ஸ்விட்சிங்கில் திருத்தும். அளந்து, கணக்குப் போட்டு, திருத்துவதற்குள் சுமார் ஒன்றரை சாம்பிள் நேரம் போய்விடும். 16 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்கும் இன்வர்ட்டர் என்றால் அந்தத் தாமதம் 94 மைக்ரோ விநாடி. 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது 2 டிகிரிகூட இல்லை. 720 ஹெர்ட்ஸ் அலைக்கோ 24 டிகிரி. தூளியில் குழந்தையை ஆட்டும்போது திரும்பி வருகிற வேகத்தில் கையை எதிரே கொடுத்தால் தூளி நிற்கும். கை கொஞ்சம் பிந்தினால், தூளி திரும்பிப் போகும் நேரத்தில் தள்ளுவதாகிவிடும். நிறுத்தப் போன கையே ஆட்டிவிடுகிறது. லைன் வோல்டேஜை அளந்து அதை அப்படியே கண்ட்ரோலுக்குள் முன்கூட்டிக் கொடுக்கும் ஃபீட்ஃபார்வர்டு என்ற ஏற்பாடு இந்த விஷயத்தில் பெரிய குற்றவாளி. பலமான லைனில் அது நல்ல பிள்ளை. இண்டக்டன்ஸ் அதிகமுள்ள லைனில் இன்வர்ட்டர் தன் நிழலையே அளந்து தன் நிழலுக்கே பயப்படுகிறது.

அடுத்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு இன்வர்ட்டரை மட்டும் ஓடவிட்டேன். சத்தமே இல்லை. இரண்டு. காதை வைத்தால் லேசாக. மூன்றாவதையும் போட்டதும் ஊளை. தனித்தனியாக மூன்றும் நல்லவை. ஒரே மாதிரி இன்வர்ட்டர் மூன்று சேர்ந்து ஒரே லைனில் கரண்ட் தள்ளினால், லைனில் விழும் வோல்டேஜ் மூன்று மடங்கு. ஆக ஒவ்வொரு இன்வர்ட்டரும் லைன் இண்டக்டன்ஸ் மூன்று மடங்கு இருப்பதாகத்தான் உணரும். 200 மீட்டர் கம்பி அதன் கண்ணுக்கு 600 மீட்டர். கம்பெனிக்காரர்கள் ஒரு பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் ஆபீஸில் ஓட்டிப் பார்த்தால் பழுது தெரியாததற்கும் காரணம் இதுதான்.

இதெல்லாம் நம் குடோனில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 1995-ல் சூரிச்சில் புது வகை கன்வெர்ட்டர் வைத்த ரயில் என்ஜின்கள் லைனோடு ஒத்துப்போகாமல் தாமாக நின்றுபோயின. ஆஸ்திரேலியாவின் மேற்கு மர்ரே பகுதியில் 2019 செப்டம்பரில் ஐந்து சோலார் பண்ணைகளை ஆஸிலேஷன் பயத்தில் பாதி உற்பத்திக்குக் குறைத்தார்கள். இன்வர்ட்டர் செட்டிங்கை மாற்றி, 2020 ஏப்ரலில்தான் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கணக்கு வழியும் பழையதுதான். மிடில்புரூக் என்பவர் 1976-ல் கன்வெர்ட்டருக்கும் அதன் முன்னால் போடும் ஃபில்டருக்கும் இம்பிடன்ஸ் பொருத்தம் பார்க்கச் சொன்னார். ஜியான் சுன் 2011-ல் அதைக் கிரிட் இன்வர்ட்டருக்கு ஏற்ப எழுதினார்: லைன் இம்பிடன்ஸை இன்வர்ட்டரின் இம்பிடன்ஸால் வகுத்து, அந்த விகிதம் நிக்விஸ்ட் நிபந்தனைக்குள் (ஆட்டம் அடங்குமா வளருமா என்று சொல்லும் கணக்கு) அடங்குகிறதா என்று பார். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், சேர்த்து வைத்தால் தினமும் சண்டை.

வாரநாளில் ஏன் சத்தமில்லை என்பதும் இப்போது புரிந்தது. தறி ஓடும்போது முப்பது நாற்பது கேவிஏஆர் ஆனில் இருக்கும். ஊஞ்சலின் வேகம் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். அந்த வேகத்தில் இன்வர்ட்டரின் கை அவ்வளவாகப் பிந்துவதில்லை. போதாததற்கு ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் ஆட்டத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஞாயிறு மோட்டாரும் இல்லை, 5 கேவிஏஆர் மட்டும் தனியாக. வெயில் ஏறினால்தான் தொடங்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. இன்வர்ட்டருக்குள் இருக்கும் பவுடர் கோர் சோக்குகளில் கரண்ட் ஏற ஏற இண்டக்டன்ஸ் குறையும். லூப் கெயின், அதாவது திருத்தும் கையின் பலம், அந்த அளவுக்கு ஏறும்.

"அப்ப அந்த அஞ்சு கேவிஏஆரைக் கழட்டி எறிஞ்சுட்டாப் போச்சுல்லங்க?" என்றார் உரிமையாளர். கழற்றினோம். சத்தம் நின்றது. ஆனால் அடுத்த வாரம் பேனல் தானாக 10-ஐ எடுத்தது, 530 ஹெர்ட்ஸ் பக்கம் முணுமுணுப்பு. இன்வர்ட்டர் விழவில்லை என்பதால் விட்டுவிட முடியாது. அந்த வேகம் 11-ஆம் ஹார்மோனிக்குக்குப் பக்கத்து வீடு. ஊஞ்சலை ஒளித்து வைப்பதைவிட ஊஞ்சலுக்கு உரசல் கொடுப்பதே சரியான வழி. ரெசிஸ்டன்ஸ் வேண்டும். இப்படி ஆட்டத்தை அடக்குவதற்குப் பெயர் டேம்பிங்.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அவரே எடுத்துக் கொடுத்தார். பழைய தறியில் பாவு பீமின் ஓரத்தில் கயிறோ சங்கிலியோ சுற்றி, முனையில் எடைக்கல் தொங்கவிட்டிருப்பார்கள். பாவு சீராக அவிழ்வது அந்தக் கயிற்றின் உரசலால்தான். "எண்ண பட்டுச்சுன்னா பீம் குதிச்சுக் குதிச்சு அவுருமுங்க, துணியில பட்டை பட்டையா உழுகும். அந்த மாதிரிங்களா?" அதே மாதிரிதான். இங்கே லைனில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, கயிறு நாம் கட்ட வேண்டும்.

பட்டறையில் பழைய ட்ரைவ்களிலிருந்து கழற்றிய பிரேக் ரெசிஸ்டர் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. அலுமினியக் கூடு போட்ட வயர்வவுண்டு. அதில் 10 ஓம், 200 வாட் எட்டு தேறியது. யோசனை இது: வில்லனாக இருந்த அதே 5 கேவிஏஆர் கெப்பாசிட்டரின் மூன்று லைனிலும் ரெசிஸ்டர் போட்டு அவனையே போலீஸ் ஆக்கிவிடுவது. 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸ் 39 ஓம். கூட 5 ஓம் சேர்ந்தாலும் கரண்ட் பெரிதாக மாறாது, ஆறு ஆம்பியர் சொச்சம். 720 ஹெர்ட்ஸுக்கோ அதே கெப்பாசிட்டர் 2.7 ஓம்தான். அது ஒதுங்கி வழிவிட, ஆடும் அலை நேராகப் போய் ரெசிஸ்டரில் முட்டிச் சூடாகிச் சாகும்.

மூன்றாவது ஞாயிறு. கெப்பாசிட்டர் ஐசொலேட்டரை இறக்கி, ஐந்து நிமிஷம் பொறுத்து, முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தபிறகே கை வைத்தேன். உள்ளே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கிறது என்று நம்பி நேராகத் தொடுபவர்கள் ஒருநாள் படுவார்கள். முதலில் லைனுக்கு ஒரு 10 ஓம் வீதம். ஊளை குறைந்தது, ஆனால் ஸ்கோப்பில் 720-ல் இருந்த முள் மொட்டையாகி, கொஞ்சம் மேலே நகர்ந்து, போகாமல் நின்றது. லைனுக்கு இரண்டு பேரலல், 5 ஓம். மூன்றாவது இன்வர்ட்டரை ஆன் செய்துவிட்டு நானும் உரிமையாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தமில்லை. ஸ்கோப்பில் அலை வழுவழுவென்று இருந்தது. 40 வோல்ட்டுக்கு மேல் இருந்த சிற்றலை இப்போது 2 வோல்ட்டுக்குள். மத்தியானம் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம், ஒருமுறைகூட விழவில்லை.

மூன்று பேரலல் போட்டால் 3.3 ஓம் வரும். கணக்குப்படி உகந்த மதிப்பும் அந்தப் பக்கம்தான், சூடும் குறையும். ஆனால் ஒன்பது வேண்டும், என்னிடம் எட்டு.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 5 ஓமில் லைனுக்கு 190 வாட்டுக்கு மேல், மொத்தம் 570 வாட் பக்கம். பகலில் பத்து மணிநேரம் என்றால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் சும்மா காற்றுக்குப் போகிறது. ரெசிஸ்டர் கூடு அரைமணியில் தோசைக்கல் ஆகிவிடும். பேனலுக்குள் வைத்தால் கெப்பாசிட்டர் வெந்துவிடும். அதனால் வெளியே, சுவரில் இரும்புத் தகடு அடித்து, மேலும் கீழும் காற்று போகிற மாதிரி வலைக் கூண்டு போட்டு மாட்டினேன். பஞ்சுத்தூசி பறக்கிற இடம் இது. தறிக்குடோனில் சூடான எதையும் திறந்து வைக்கக் கூடாது. இந்தத் தகடு, கூண்டு வேலைக்கு ரெசிஸ்டர் வேலையைவிட நேரம் பிடித்தது.

இந்தச் சூடே இல்லாமல் டேம்பிங் கொடுக்கும் வழியும் உண்டு. ஃபில்டர் கெப்பாசிட்டரின் கரண்ட்டை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, சாஃப்ட்வேரில் கழித்துவிட்டால் அங்கே ரெசிஸ்டர் இருப்பது போலவே இன்வர்ட்டர் நடந்துகொள்ளும். ஆக்டிவ் டேம்பிங் என்பார்கள். நல்ல வித்தை. ஆனால் அதே தாமதம் அங்கேயும் உண்டு: சாம்பிளிங் வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்தக் கற்பனை ரெசிஸ்டர் மைனஸ் ஆகிவிடும். 16 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2,667 ஹெர்ட்ஸ் வரைதான் அது நல்லவன். நம் 720-க்கு அது எட்டும்.

ஸ்கோப் படங்களை எல்லாம் அனுப்பிய பிறகு கம்பெனியிலிருந்து வேறொரு என்ஜினியர் வந்தார். சின்னப் பையன், விஷயம் தெரிந்தவர். எறும்புச் சாரை படத்தைப் பார்த்ததும் "அண்ணா, இது லூப்தான், போர்டு இல்ல" என்றார். லேப்டாப்பை மாட்டி, வோல்டேஜ் ஃபீட்ஃபார்வர்டுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, கரண்ட் லூப் கெயினைக் குறைத்து வைத்தார். அதன்பின் என் ரெசிஸ்டர் ஸ்டெப்பைக் கழற்றிவிட்டுச் சாதா கெப்பாசிட்டரை மாட்டியும் பார்த்தோம். ஊளை இல்லை. ஆனால் அந்த 720 பக்கம் சின்ன மேடு ஒன்று இன்னும் தெரிந்தது. ரெசிஸ்டரை மறுபடி மாட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் கழற்றவில்லை. நாளைக்கு யாராவது ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் செட்டிங் போய்விடும், இரும்புத் தகடு போகாது.

நடுவில் வந்த இன்னொரு தொல்லையையும் எழுதி வைக்கிறேன். ஊளை போனபிறகு குடோன் விளக்குகள் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை லேசாக மங்கி மங்கிப் பிரகாசித்தன. இது வேறு ஜாதி ஆட்டம், ரொம்ப மெதுவானது. வோல்டேஜ் ஏறினால் ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் லைனில் வந்துபோகும் பவர்) உறிஞ்சிக் குறைக்கும் ஏற்பாடு மூன்று இன்வர்ட்டரிலும் ஆனில் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உறிஞ்ச, வோல்டேஜ் இறங்க, மூன்றும் ஒரே நேரத்தில் விட, மறுபடி ஏற. ஒரே வாசலில் மூன்று பேர் 'நீங்க போங்க, நீங்க போங்க' என்கிற கதை. வோல்டேஜ் ஏற ஏற எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்ற சரிவைக் குறைத்து, பதிலளிக்கும் நேரத்தைப் பத்து விநாடிக்கு நீட்டியதும் நின்றுவிட்டது. கெப்பாசிட்டர் ரிலேயின் தாமதத்தையும் ஒரு நிமிஷம் ஆக்கினேன், இல்லாவிட்டால் அது நாலாவது ஆளாக வந்து சேர்ந்துகொள்ளும்.

மிச்சமிருந்த மூன்று ஸ்டெப்பையும் அப்படியே விட மனமில்லை. பின்பக்கம் பார்த்தபோது 10 கேவிஏஆர் கேன் ஒன்று தலை உப்பிப் பலாக்கொட்டை மாதிரி இருந்தது. வாரநாளில் 45 கேவிஏஆரும் ஏறினால் கணக்கு 260 ஹெர்ட்ஸில் போய் நிற்கிறது. ஆட்டோ தறி ட்ரைவ்கள் விடும் 5-ஆம் ஹார்மோனிக் 250. கேன் உப்பாமல் என்ன செய்யும்? உப்பிய கேனைக் கையில் கொடுத்த பிறகு உரிமையாளர் விலையைப் பற்றிப் பேசவில்லை. 7 சதவீத ரியாக்டர் (கெப்பாசிட்டரோடு தொடராகப் போடும் சுருள்) போட்ட ஸ்டெப்களாக மாற்றினோம். அப்படிப் போட்டால் அந்தக் கிளை 189 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகிவிடும், அதற்கு மேலே அது கெப்பாசிட்டராகவே நடந்துகொள்ளாது. லைனோடு ஊஞ்சலாட ஆள் இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரியாக்டர் போட்டால் கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏழரை சதவீதம் ஏறும், 430 என்றால் 462. 440 வோல்ட் கேன் தாங்காது, 525 வேண்டும். அந்த 525 கேனில் 10 கேவிஏஆர் என்று எழுதியிருந்தால் 440-ல் 7 தான் கிடைக்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

கடைசியாகப் போனது போன வாரம். ஒன்பதாவது ரெசிஸ்டர் கிடைத்துவிட்டது, லைனுக்கு மூன்று வீதம் மாட்டி 3.3 ஓம் ஆக்கினேன். மொத்தச் சூடு 400 வாட்டுக்குள் வந்துவிட்டது, கூண்டின் மேல் கையை அருகில் கொண்டுபோக முடிகிறது. ஒரு பயம் மட்டும் இருந்தது. நாளைக்கு வேறொரு எலக்ட்ரீசியன் வந்து, கெப்பாசிட்டருக்கு முன்னால் ரெசிஸ்டரைப் பார்த்தால், "எவன்டா இதை இங்க மாட்டுனது" என்று கழற்றிக் கடாசிவிடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால் பீமுக்கு நம்பர் போடும் பெயிண்டை வாங்கிக் கூண்டின் மேல் எழுதினேன்: 'இதைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை இன்வர்ட்டர் கத்தும்.' கீழே என் போன் நம்பர். உரிமையாளர் படித்துப் பார்த்துவிட்டு, "கயிறுன்னு எழுதுங்க தம்பி, தறிக்காரனுக்கு அப்பத்தான் வெளங்கும்" என்றார். அடைப்புக்குறி போட்டு அதையும் எழுதிவிட்டு வந்தேன்.